அம்பாவும் அணியும்

ஒற்றுமை இல்லாமையாற்றான் ஒரு விளையாட்டுக் குழு தோற்கிறது என்பது எளிதிற் சொல்லப்படும் காரணம். புத்தளக் கரையிற் பிறந்தவனாகிய எனக்கு அது போதிய விளக்கமாகத் தோன்றுவதில்லை.

உடப்பில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் பற்றியிழுப்பர். வலை நெருங்க நெருங்க அவர்களும் ஒருவரையொருவர் நோக்கி நகர்வர். ஒரு பக்கம் முந்தினால் வலை சரியும், மீன் தப்பும். எனவே வலியவரும் தம் வேகத்தை அடக்கவேண்டும். அம்பாப் பாட்டுக் களைப்பை மாற்றுவதற்கு மட்டுமன்று. எல்லாக் கைகளையும் ஒரே கணத்தில் இயக்குவதற்குமாம்.

கயிறிழுத்தலை அளந்து பார்த்தவர் பிரான்சிய வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் றிங்கல்மான். எண்மர் சேர்ந்திழுத்தபோது ஒவ்வொருவரும் தனித்திழுக்கும் வலுவில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டது என 1913இல் அவர் எழுதினார். கைகள் ஒத்திசையாமையே இதற்குப் பெருங்காரணமென அவர் கருதினார். 1974இல் இங்ஹம் முதலியோர் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னாற் பலர் இழுப்பதாக நம்பவைத்தனர். உண்மையில் அவர் ஒருவரே இழுத்தார். அப்போதும் வலு குறைந்தது! ஒத்திசைவுக் குறைக்கு அங்கு இடமேயில்லை. பிறர் இருக்கின்றனர் என்ற நினைவே கையைத் தளர்த்திவிட்டது.

1996 உலகக் கிண்ணத்தில் ஜயசூரியவும் களுவிதாரணவும் நம் நாட்டின் பேச்சாயிருந்தனர். கல்கத்தா அரையிறுதியில் இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தனர். லாகூர் இறுதியாட்டத்திலும் 23 ஓட்டங்களுக்குள் இருவரும் வெளியேறினர். எனினும் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107, குருசிங்க 65, ரணதுங்க ஆட்டமிழக்காது 47 எனப் பெற, அவுஸ்திரேலியாவின் 241 ஏழு விக்கெட்டுகளால் முறியடிக்கப்பட்டது. முன்னவர் அடித்துத் தருவர் என்று பின்னவர் காத்திருந்திருப்பின் இது கைகூடியிராது.

துடுப்பாட்டத்தில் ஒவ்வொருவரின் உழைப்பும் பெயரோடு பதிவாகிறது. ஊர் உதைபந்தாட்டத்தில் பெரும்பாலும் அத்தகைய கணக்கு இல்லை. கோலடித்தவன் பெயர் மட்டுமே நிற்கும். எங்கள் ஊர்க் குழுவில் வல்லவர் ஒருவர் முன்வரிசையில் ஆடிய காலத்தில், ஏனையோர் பந்தை அவரிடம் தள்ளிவிட்டு நின்று பார்த்தனர். பணிக்காக அவர் வளைகுடா நாடொன்றுக்குச் சென்றபின் குழு சிதறிவிடும் என்றே பலரும் பேசினர். மாறாக, அடுத்த பருவத்தில் முன்னைவிடக் கூடுதலான ஆட்டங்களை வென்றது. அப்பருவத்தில் எங்கள் பயிற்சியாளர் கோடு போட்ட அப்பியாசக் கொப்பியொன்றை மைதானத்துக்குக் கொண்டுவருவார். பந்து கையிழந்ததும் பின்னோக்கி ஓடித் தடுத்தவர் யாரென்று அதிற் குறித்துக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் மணலில் அமர்ந்து அப்பெயர்களை உரக்க வாசிப்பார். கோலடித்தவன் பெயரை ஒருநாளும் வாசித்ததில்லை.