பள்ளிவாசலும் துணைநூற்பட்டியலும்

ஆய்வேட்டைக் கையில் எடுத்தவுடன் அதன் இறுதிப் பக்கங்களை முதலில் புரட்டும் வழக்கம் முதிர்ந்த தேர்வாளர் சிலரிடம் உண்டு. துணைநூற்பட்டியலும் சான்றெண் விளக்கமும் ஒழுங்குற அமைந்திருந்தால் ஏட்டின் உள்ளும் ஒழுங்காக இருக்கும் என்பது அவர்தம் துணிபு. காற்புள்ளி, அரைப்புள்ளி வேறுபாடுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இவ்வழக்கம் சற்று மிகையாகவே தோன்றும். ஆயினும் சான்று காட்டுதல் என்பது வாசகரை மூலத்திடம் கொண்டுசேர்க்கும் வழி எனக் கொண்டால், அவ்வழி எங்கெங்கே அடைபடுகிறது என்று பார்ப்பது தேவையாகிறது.

தமிழில் இச்சிக்கல் புதிதன்று. உரையாசிரியர்கள் மேற்கோள் பாடலைக் காட்டிவிட்டு, 'என்றார் பிறரும்' என்ற அளவில் நின்றுவிடுவது உண்டு. கேட்போர் நெஞ்சில் பாடல் இருந்த காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், அவ்வுரையிலுள்ள மேற்கோள்களின் இருப்பிடம் தேடி ஏட்டுச்சுவடிகளை அலசியதை நாமறிவோம். நூற்பெயரும் பாடலெண்ணும் அடைப்புக்குறிக்குள் அமையும் இன்றைய வழக்கம், அவ்வாறு தேடியவர்கள் நமக்கு விட்டுச்சென்ற கொடை. அங்கும் எச்சரிக்கை வேண்டும். தொல்காப்பிய நூற்பாக்களை இளம்பூரணர் வழியில் 1595 என்றும் நச்சினார்க்கினியர் வழியில் 1611 என்றும் எண்ணுவர். உரையாசிரியர் பெயரின்றி நூற்பா எண்ணை மட்டும் தருவது வாசகரை அடுத்த தெருவில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும்.

செவ்வியல் நூல்களுக்கு இவ்வளவேனும் மரபு உண்டு. மலையூர் ஒன்றைப் பற்றி எழுதப்புகும் ஆய்வாளருக்கு அதுவும் இல்லை. இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்துள்ள பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டங்களும், முதிரப்புழை ஆற்றுநீரால் இயங்கும் நீர்மின் நிலையமும் உள்ள ஊர் அது. அங்குள்ள தமிழ்த் தொழிலாளரின் வழக்காறுகளைத் தொகுக்க முனையும் மாணவர் நூலகப் பட்டியலில் 'பள்ளிவாசல்' எனத் தேடினால் இசுலாமியர் தொழுகையிடம் பற்றிய நூல்களே வரிசையாக வந்து நிற்கும். பொதுப்பெயரே ஊர்ப்பெயரும் ஆனதன் விளைவு இது. ஆதலின், அவ்வூரைக் குறிக்கும் ஒவ்வொரு பதிவிலும் 'பள்ளிவாசல், தேவிகுளம் வட்டம்' என எழுதுவதே தக்கது. மாவட்டப் பெயர் மட்டும் போதாது. இடுக்கி மாவட்டம் தோன்றியது 1972இல்தான். அதற்கு முந்தைய கேரள அரசு ஆவணங்கள் இப்பகுதியைக் கோட்டயம் மாவட்டத்தில் காட்டும். அதற்கும் முன் திருவிதாங்கூர் அரசு.

இடத்தினும் இடர் மிக்கது காலம். திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டைப் பின்பற்றுவன. பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிய 1940 மார்ச்சு, கொல்லம் 1115ஐச் சார்ந்தது. அவ்வாண்டோ 1939 ஆகத்து இடையில் தொடங்கி 1940 ஆகத்து இடையில் முடிகிறது. 825ஐக் கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும் என்ற வாய்பாட்டை மட்டும் நம்பி 1115ஆம் ஆண்டின் தொடக்கமாத ஆவணம் ஒன்றை 1940 எனக் குறித்தால், நிகழ்ச்சிகளின் வரிசையே முன்பின்னாகிவிடும்.

வாய்மொழியில் இது மேலும் கடுமையாகும். மூணாற்றுப் பகுதியின் முதியோர் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பர். கேரளம் முழுவதும் வழங்கும் தொடர் அது. கொல்லம் 1099, அதாவது 1924 சூலையில் நேர்ந்த பெருவெள்ளமே அவர்கள் கூறுவது. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய சிற்றிரயில் பாதை அவ்வெள்ளத்தில்தான் அழிந்தது. ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்ப்பவர் அத்தொடரை '1999' என நிரப்பிவிட்டால் எழுபத்தைந்து ஆண்டுகள் ஒரே கீற்றில் காணாமற்போகும். அச்சான பின்னர் அதனை மேற்கோளாக எடுப்போர் மூலத்தைக் கேட்கப்போவதில்லை. கொல்லம் ஆண்டை அப்படியே தந்து, கிறித்துவ ஆண்டை அதன் அருகில் அடைப்புக்குறிக்குள் தருவதே நேரிய முறை. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்களுக்கும் இது பொருந்தும்: சர்வசித்து 1887இலும் வந்தது, 1947இலும் வந்தது, 2007இலும் வந்தது.

பெயர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். இங்குச் சுருங்கச் சொல்லலாம். குடும்பப்பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைக்கச் சொல்லும் மேலை நெறிமுறைகள் தமிழ்ப்பெயரைக் கண்டால் தடுமாறுகின்றன. சாமிநாதையரை 'ஐயர்' என்பதன் கீழ் அடுக்கினால், அமெரிக்கக் காங்கிரசு நூலகப் பட்டியலிலேகூட அவரைக் கண்டறிய இயலாது; அங்கே அவர் சாமிநாதையராகவே உள்ளார். கேரள வரலாற்றறிஞர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளையை 'பிள்ளை' என்ற சொல்லின் கீழ்ச் சேர்ப்பதும் இத்தகையதே. ஜோடெரோ போன்ற மென்பொருள்களில் பெயரைப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் ஏனோ குறைவு.

இவை யாவும் திருத்தக்கூடிய பிழைகள். பள்ளிவாசல் போன்ற ஊர்களின் ஆய்வில் உண்மையான இழப்பு நேர்வது தகவலாளர் பகுதியில்தான். பரவலாக வழங்கும் அமெரிக்க உளவியற் கழக நெறிமுறையின்படி, ஆய்வாளர் தாமே நிகழ்த்திய நேர்காணல் 'தனிப்பட்ட தொடர்பு' ஆகும். பிறர் சென்று பார்க்க இயலாதது என்பதால் அது கட்டுரையின் உள்ளே மட்டும் சுட்டப்படும். இறுதிப் பட்டியலில் இடம்பெறாது. விளைவு என்ன? தேயிலை நிறுவனத்தின் ஆண்டறிக்கை பட்டியலில் நிற்கும். மூன்று மாலைகள் அமர்ந்து தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய தொழிலாளி நிற்கமாட்டார். நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளில் பெயர், அகவை, தொழில், ஊர் என்று தகவலாளர் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தருவது நம் துறைகளின் நல்ல மரபு. ஏடு கட்டுரையாகச் சுருங்கும்போது பக்க வரம்பின் பொருட்டு முதலில் வெட்டப்படுவதும் அதுவே. எஞ்சுவது 'கள ஆய்வு' என்னும் இரு சொற்கள்.

எல்லாப் பெயரையும் அச்சிட்டுவிடலாம் எனவும் கூறிவிட முடியாது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர் இருபது விழுக்காடு போனசு கேட்டுத் திரண்ட 'பெம்பிளை ஒருமை' போராட்டத்தை நினைவுகூர்தல் வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயம் நிறுவனத்துக்கு உரியது. பணி முடிந்தால் வீட்டையும் விடவேண்டும். அத்தகையோர் கூலியைப் பற்றிக் கூறியதைப் பெயரோடு வெளியிடுவதன் பயன் ஆய்வாளருக்கு, இடர் கூறியவருக்கு. மாறாக, தாலாட்டுப் பாடியவர் தம் பெயர் அச்சில் வரவேண்டும் என விரும்பக்கூடும். அவரையும் 'தகவலாளி 7' என எண்ணாக்குவது அறமன்று. எதனைப் பெயரோடு தருவது, எதனை மறைப்பது என்பதை உரியவரிடமே, அவருக்கு விளங்கும் மொழியில், பாடல் வேறு கூலிச்செய்தி வேறு எனப் பிரித்துக் கேட்டல் வேண்டும். ஒரே கையெழுத்தில் இரண்டுக்கும் இசைவு பெறுவதைத் துறைகள் ஏற்றல் ஆகாது.

இதழ்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. துணைநூற்பட்டியலில் நூல்கள், இதழ்கள் என்னும் பிரிவுகளுக்கு அடுத்து 'வாய்மொழிச் சான்றுகள்' என்று ஒரு பிரிவைக் கட்டாயமாக்கலாம். பெயர் அல்லது குறியெண், அகவை, தொழில், தோட்டப்பெயர், பதிவு நாள், ஒலிப்பதிவு வைக்கப்பட்டுள்ள நூலகம் ஆகியவை போதும். பெயர் மறைப்போருக்குத் தோட்டப்பெயரையும் அகவையையும் விட்டுவிடலாம். ஒரு பதிவுக்கு இரண்டு வரிகளே செல்லும். ஒலிப்பதிவு துறைநூலகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டால், பிறர் சென்று பார்க்க இயலாது என்னும் தடையும் நீங்கும். பள்ளிவாசலில் பதிவான ஒப்பாரி ஒன்றைத் தில்லியிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் வேறோர் ஆய்வாளர் கேட்டு, முன்னவர் எழுத்துப்பெயர்ப்பில் '1999' என்று இருப்பதைத் திருத்த அப்போது வழி பிறக்கும்.