அனுப்பியவருக்கும் ஒரு வரி

"பையனுக்குப் படிப்பில் கவனம் இல்லை. ஆவன செய்யவும்." நான் பணிபுரியும் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வரும் பல பரிந்துரைச் சீட்டுகளில் இவ்வளவுதான் இருக்கும். காது சரியாகக் கேட்கவில்லையா, எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லையா, வீட்டுச் சண்டையில் தூக்கம் கெட்டதா, மனச்சோர்வா? எதற்கும் தடயம் இராது. அம்மாவைக் கேட்டால், "டீச்சர் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க மேடம்" என்பார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவரிடம், பள்ளியில் விசாரித்து எழுதி வாங்கி வாருங்கள் என்று சொல்வது கொடுமை.

அதனால்தான் கைப்பேசியில் நிரப்பும் பரிந்துரைப் படிவத்தைச் சில பள்ளிகளில் தொடங்கினோம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவுகளிலேயே ஆசிரியர்களுக்குப் பொழுது போய்விடுகிறது. இன்னொரு நீளமான படிவத்தை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. எந்த வகுப்பு, எப்போதிலிருந்து, என்ன பார்த்தீர்கள், அதனால் பிள்ளைக்கு எது தடைப்படுகிறது: கேள்விகள் இவைதாம். 'என்ன பார்த்தீர்கள்' என்ற கட்டத்தில் தட்டிவிட விடைகள் கிடையாது; ஆசிரியர் தம் சொல்லிலேயே எழுத வேண்டும், அல்லது பேசிப் பதிய வேண்டும். "மதியத்துக்கு மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள், சாப்பாட்டுத் தட்டைத் தொடுவதில்லை" என்ற ஒரு வாக்கியம் எனக்கு எந்த மதிப்பெண்ணையும்விடப் பெரியது.

மதிப்பெண் வேண்டாம் என்றில்லை. பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் அளக்க ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. வினாப்பட்டியல் தமிழிலும் உண்டு. 25 வாக்கியங்கள், அவற்றில் 20 சிரமங்களைப் பற்றியவை, மொத்தம் 40 மதிப்பெண். மீதி ஐந்தும் பிறரிடம் பிள்ளை காட்டும் பரிவைத் தனியாகக் கணக்கிடுகின்றன. (தாளில் இலவசமாகப் பயன்படுத்தலாம், செயலியில் ஏற்ற உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆர்வக்கோளாறில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.) வகுப்பை அமளிப்படுத்தும் பையனை யாரும் சொல்லாமலே ஆசிரியர் அனுப்பிவிடுவார். ஓரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை யாருக்கும் தொந்தரவில்லை, அதனால் அவளை யாரும் அனுப்புவதில்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறாளா, எதற்கும் கவலைப்படுகிறாளா என்று இந்த வினாப்பட்டியல் கேட்கும்போதுதான் அவள் முகம் ஆசிரியருக்கு நினைவு வருகிறது.

படிவத்தை நம்பக் கூடாத இடமும் உண்டு. சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் தட்டச்சுக்கு நேரமில்லை. உடனே பேச வேண்டும். பிள்ளையைத் தனியே விடக் கூடாது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. எங்கள் படிவத்தின் முதல் திரையில் அந்த எண்ணும் குழந்தைகள் உதவி எண் 1098உம் மட்டுமே இருக்கின்றன. சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னோம். பிள்ளையின் துயரம் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் நான் முக்கியமாக நினைப்பது, பரிந்துரைத்தவருக்குத் திரும்பிப் போகும் செய்தி. தாள் சீட்டுக் காலத்தில், அனுப்பிய பிள்ளை வந்து சேர்ந்ததா என்பதே ஆசிரியருக்குத் தெரியாது. இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது பிள்ளையை அவர் அனுப்பமாட்டார். இப்போது படிவம் கிடைத்ததும் ஒரு செய்தி, தேதி குறித்ததும் ஒன்று, பார்த்தபின் ஒன்று. குறித்த நாளில் வராத பிள்ளைகளின் பட்டியல் மாலையில் திரையில் நிற்கும். எங்கள் சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போன் செய்வார். பெரும்பாலும் பஸ் காசுதான் காரணம், அல்லது "பைத்திய ஆஸ்பத்திரியா?" என்று தாத்தா தடுத்திருப்பார். பெற்றோர் சம்மதித்தால் ஆசிரியருக்கு ஒரு வரி போகும். அதில் நோயின் பெயர் இருக்காது. "முன் வரிசையில் உட்கார வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்" என்பது போல, வகுப்பறையில் நாளைக்கே செய்யக்கூடியதாக இருக்கும்.

படிவம் எளிதானால் பரிந்துரைகள் பெருகும். பார்க்க ஆள் பெருகாவிட்டால், எங்கள் பிரிவில் காத்திருந்த குடும்பம் இனித் திரையின் முன் காத்திருக்கும், அவ்வளவே. பக்கத்து ஒன்றியத்துப் பள்ளிகளும் இப்போது கேட்கின்றன. இன்னொரு உளவியலாளர் பணியில் சேரும் வரை அவர்களுக்கு இதைத் திறக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பணியிடத்துக்கான கோரிக்கையையும் கூடவே வைத்திருக்கிறேன்.