உம்மாவின் தகரப் பெட்டி

ஹட்டனில் மே மாதம் தென்மேல் பருவ மழை பிடித்தால், செப்டெம்பர் வரை வீட்டுச் சுவர் காய்வதில்லை. அப்படியொரு மழைநாளில்தான் உம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். நிக்காஹ் சேலைக்கு அடியிலிருந்த கடித உறையை எடுத்ததும், வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி வழுக்கி ஓடி மறைந்தது.

உறைக்குள் இருந்தது வாப்பாவின் தகப்பனாருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ். மடிப்புகளெல்லாம் சல்லடைக் கண்களாகியிருந்தன. பெயரில் பாதியைக் காணோம். நல்லவேளை, இலக்கம் தப்பியிருந்தது.

உம்மா ஏசவில்லை. "இதுக்காக மாமா எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார் தெரியுமா மகள்?" என்று மட்டும் கேட்டார்.

வெளியூர்ச் சகோதரிகளுக்கு இது வெறும் பழைய தாளாகத் தோன்றலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் 7 வருடமும் மற்றவராயின் 10 வருடமும் இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. கையில் தாள் இல்லாத ஏழையின் சொல் அம்பலம் ஏறவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. அதன் பிறகும் எங்கள் வீட்டில் பழைய தாளை எறிவதில்லை.

அந்த வெள்ளிப்பூச்சி நம்மைக் கடிக்காது, நோய் பரப்பாது, அதற்கு இறக்கையும் இல்லை. ஈரமும் மாவுச்சத்தும் போதும். தாள், பசை, கஞ்சி போட்ட துணி, பழைய புகைப்படம் எல்லாம் அதற்கு உணவு. பட்டினி கிடந்தும் பல மாதங்கள் உயிர் வாழும். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். இருட்டும் ஈரமுமாகப் பூட்டிக் கிடக்கும் பெட்டிதான் அதற்கு அரண்மனை!

சகோதரிகளே, ஒரு கண்ணாடிப் போத்தலின் வெளிப்புறத்தில் தாள் சுற்றி, உள்ளே சிறிது மாவு போட்டு இரவில் பெட்டியருகே வையுங்கள். தாளைப் பற்றி ஏறி உள்ளே விழும் பூச்சி, வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. முக்கியமான தாள்களுக்குப் பிரதி எடுத்து, வேறோர் இடத்திலும் வையுங்கள். எல்லாவற்றையும்விட, ஈரமில்லாத இடத்தில் வைத்து அடிக்கடி திறந்து பாருங்கள்.

இப்போது வெயில் காணும் நாட்களில் நாங்கள் பெட்டியைத் திறந்து காற்றாட வைக்கிறோம். என் மகள் ஒவ்வொரு தாளாக எடுத்து, "இது யாருடையது உம்மும்மா?" என்று கேட்பாள். உம்மா சொல்லத் தொடங்குவார். அந்தப் பாதிப் பெயரை என் மகள் இப்போது முழுதாகவே சொல்கிறாள்.