எந்தப் பதிப்பு?

சென்ற ஆண்டு நம் தந்தையாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், அவர் படத்துடன் தமிழ் நாளிதழொன்றில் நினைவஞ்சலி வெளியிட வேண்டுமென்று அன்னையார் விரும்பினார். மதுரையிலுள்ள தம்பி பணம் கட்டி ரசீதும் பெற்றான். குறித்த நாளன்று அலுவலுக்குச் செல்லுமுன் சிகந்தராபாத் நிலையத்தருகே அவ்விதழை வாங்கி வந்தோம். அன்னையார் மூக்குக்கண்ணாடி அணிந்து ஏடு முழுவதையும் இருமுறை புரட்டினார். படம் இல்லை.

"தம்பியை யாரோ ஏமாற்றிவிட்டார்களோ, ஐயா?" என்றார். நாமும் சினந்து தொலைபேசியில் அவனைக் கடிந்துகொண்டோம்.

பிழை அவனுடையதன்று, இதழினுடையதும் அன்று. அவன் கட்டிய தொகை மதுரைப் பதிப்புக்கு மட்டுமே உரியது. நம் கைக்கு வந்ததோ வேற்றூரில் அச்சானது. பெயர் ஒன்று, தேதி ஒன்று, உள்ளே மட்டும் வேறு.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தும் இது நமக்குத் தோன்றாதது வியப்பே. இரவு வண்டியில் ஏற்றவேண்டிய கட்டுகளை முன்னதாகவே அச்சிட்டு முடிப்பர். பின்னிரவுச் செய்தி நகரப் பதிப்புக்கே கிட்டும். வண்டி புறப்படும் நேரமே வெளியூரார் அறியும் செய்திக்கு எல்லையாக இருந்தது. 'இந்து' நாளிதழ் 1969-இல் பக்கங்களின் உருவத்தைத் தொலைத்தொடர்பு வழியே கோயம்புத்தூருக்கு அனுப்பி அங்கேயே அச்சிடத் தொடங்கிற்று. நம் ஐதராபாத்துக்கு அதன் பதிப்பு 1976-இல் வந்தது.

நூலுக்கு வரும்போது இச்சொல் இடத்தை விட்டுக் காலத்தைப் பற்றிக்கொள்கிறது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். இரண்டாம் பதிப்பு 1907-இல் வெளிவந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டு ஆராய்ச்சியால் திருத்தமுற்றமையால் அது மெய்யாகவே இரண்டாம் பதிப்பு. இன்றோ ஓரெழுத்தும் மாற்றாமல் மீண்டும் அச்சிட்டதையும் 'இரண்டாம் பதிப்பு' என்றே பலர் போடுகின்றனர். 'மறு அச்சு' என்பதே நேர்மை. ஈய எழுத்துக் காலத்தில் அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்துவிடுவர். மறுபடி கோக்கையில் பழம்பிழை போய்ப் புதுப்பிழை புகும். புதுப்பிழையும் ஒரு புதுமைதானே!

நான்காம் நாள் மதுரைப் பதிப்பு அஞ்சலில் வந்தது. படத்தைக் கத்தரித்து வைப்போமா என்றோம். அன்னையார் இசையவில்லை. "மேலே ஊர்ப்பெயர் இருக்கிறது; அதுவும் இருக்கட்டும்" என்று முழுத்தாளையும் மடித்துப் பெட்டியில் வைத்தார்.

தம்பியிடம் நாம் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை.