நாண் ஏற்றிய நாள்

வில் தமிழர்க்குப் புதிய கருவி அன்று. சேர வேந்தர் தம் கொடியில் பொறித்தது வில்லே. கொல்லிமலையை ஆண்ட ஓரி என்னும் வள்ளல் வில்லாற்றலில் சிறந்து விளங்கியமையால் வல்வில் ஓரி என்றே பெயர் பெற்றான். அவன் எய்த அம்பு ஒன்றே யானை, புலி, மான், பன்றி ஆகிய நான்கையும் கடந்து உடும்பின் உடலில் தைத்து நின்றது என்று வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியுள்ளார்.

அக்கொல்லிமலையின் அடிவாரத்தை அடுத்துள்ள சேந்தமங்கலத்தில் நான் வாழ்ந்து வருகிறேன். 34 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி, 2017-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். இளமையில் நிகண்டுகளை மனப்பாடம் செய்து பயின்றவனாதலின், வில்லைப் பற்றிய சொற்கள் எல்லாம் என் நாவில் நின்றன. சிலை, தனு, சாபம், கார்முகம் என்பன வில்லின் பெயர்கள். வில்லின் நுனியில் நாண் பொருந்தும் வெட்டின் பெயர் குதை. அம்புகள் வைக்கும் கூட்டின் பெயர் அம்பறாத்தூணி. இவற்றை எல்லாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் எடுத்துரைத்தேன். ஆயினும் ஒரு வில்லையேனும் நான் கையால் தொட்டதில்லை. அக்குறையை நான் குறையாக எண்ணியதும் இல்லை.

1987-ஆம் ஆண்டில் ஒருநாள் எட்டாம் வகுப்பில் கம்பராமாயணம் நடத்திக்கொண்டிருந்தேன். மிதிலையில் இராமன் வில்லில் நாண் ஏற்றும் பகுதி அது. பாடலின் ஓசையிலும் அணிநலத்திலும் ஈடுபட்டு நான் விரித்துரைத்துக்கொண்டிருந்தபொழுது, கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, வில்லில் நாண் கட்டித்தானே இருக்கும்? அதை ஏன் ஏற்ற வேண்டும்? ஏற்றுவது அவ்வளவு கடினமா?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "பாட்டின் சுவையைக் கேட்கச் சொன்னால் கயிற்றைப் பற்றிக் கேட்கிறாயே! உட்கார்" என்று கடிந்தேன். வகுப்பு முழுதும் சிரித்தது. சிறுவன் தலைகவிழ்ந்து அமர்ந்தான். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று மாலையே அதனை மறந்தும் போனேன்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாள் காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தம் மகளுடன் என் இல்லத்திற்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. என்னை வணங்கி, "ஐயா, நான் உங்கள் மாணாக்கன், இப்பொழுது தச்சுவேலை செய்கிறேன்" என்றார். பின்னர்ப் பையைத் திறந்து, மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள இரண்டு மூங்கில் துண்டுகளை வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்தார். இரண்டும் வில்லின் இரு பாதிகள் போலத் தோன்றின.

"என்ன தம்பி, உடைந்த வில்லையா கொண்டு வந்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "இல்லை ஐயா, இது கழற்றி மாட்டும் வில். நானே செய்தேன்" என்றார்.

அத்தகைய வில்லை அவர் செய்ததற்குக் காரணம் உண்டு. கொல்லிமலையில் உள்ள செம்மேட்டில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. அவ்விழாவில் விற்போட்டியும் உண்டு. அவர் மகள் விற்பயிற்சி பெறுகின்றவள். காரவள்ளியிலிருந்து மலைமேல் செல்லும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றில் திரும்பித் திரும்பி ஏறும் பேருந்தில், கூட்டத்திற்கு நடுவே, ஐந்தரை அடி வில் ஒன்றை எவ்வாறு கொண்டு செல்வது? கழற்றிய வில்லாயின் பையில் அடங்கும். பிறர் கண்ணையும் குத்தாது.

வில்லின் ஒரு பாதியின் அடியில் எஃகுக் குழல் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மற்றப் பாதியின் அடியை அக்குழலினுள் செருகினார். 'டக்' என்ற ஓசையுடன் இரண்டும் ஒன்றாயின. பொருந்திய இடமே கைப்பிடி ஆயிற்று. அதன்மேல் தோல் சுற்றப்பட்டிருந்தது. குழலின் வாய் வட்டமாக இன்றி முட்டை வடிவில் இருப்பதைக் கண்டு காரணம் வினவினேன். "வட்டமாக இருந்தால் நாணை இழுக்கும்பொழுது ஒரு பாதி திரும்பிவிடும், ஐயா. இந்த வடிவில் திரும்ப வழியில்லை" என்றார். நிலைமொழியும் வருமொழியும் புணர்வதைப் பல்லாண்டு கற்பித்த எனக்கு அவ்விணைப்பு வியப்பளித்தது. சொற்புணர்ச்சியில் பிழை நேர்ந்தால் செவிக்குத் தெரியும். வில்லின் பொருத்தத்தில் பிழை நேர்ந்தாலோ கையில் பிடித்தவர்க்கே ஊறு விளையும்.

அவர் வில்லைச் செய்த முறையையும் விளக்கினார். துளை மிகச் சிறியதாகவும் சுவர் தடித்ததாகவும் உள்ள கெட்டி மூங்கிலைத் தேர்ந்து, பிளந்து, நிழலில் பல மாதங்கள் உலர்த்தினாராம். வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. இலக்கை நோக்கிய பக்கம் முதுகு. எய்பவரை நோக்கிய பக்கம் வயிறு. வில் வளையும்பொழுது முதுகு இழுபடும், வயிறு நெருக்குண்ணும். மூங்கிலின் வலிமை அதன் புறத்தோலில் இருப்பதால், அத்தோல் முதுகுப் பக்கம் அமையுமாறு வைத்து, வயிற்றுப் பக்கத்தை மட்டுமே சீவ வேண்டும். பின்னர் வில்லை ஒரு மரத்தாங்கியில் மாட்டி, நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, இரு பாதிகளும் ஒத்து வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். வளையாத இடத்தைக் கண்ணாடிச் சில்லினால் மெல்லச் சுரண்டுதல் வேண்டும். "கூடுதலாகச் சுரண்டினால் திரும்ப ஒட்ட முடியாது, ஐயா. இதற்கு முன் மூன்று வில் முறிந்தது" என்றார். அம்மூன்றையும் அவர் வருத்தமின்றிச் சொன்னார்.

மரல் நாரினால் நாண் திரித்தல் பழைய வழக்கம். இவரோ பாலியெஸ்டர் நூலை முறுக்கி நாண் செய்திருந்தார். வில்லின் கீழ்க்குதையில் நாணின் ஒரு கண்ணி பொருந்தியிருந்தது. மற்றொரு கண்ணி மேல்நுனிக்குக் கீழே தண்டில் தளர்ந்து கிடந்தது. வில்லோ ஏறத்தாழ நேராக இருந்தது.

"முதன்முதலாக நீங்கள்தாம் நாண் ஏற்ற வேண்டும். அதற்காகவே கொண்டு வந்தேன்" என்று என் கையில் கொடுத்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். அவர் சொல்லியவாறு வில்லின் கீழ்நுனியை இடக்கணுக்காலின் முன்புறம் தாங்கினேன். வலக்காலை வில்லுக்கும் நாணுக்கும் இடையே நுழைத்து, தொடையின் பின்புறத்தைப் பிடியில் அழுத்தினேன். பின்னர் மேற்பாதியை வலக்கையால் முன்னோக்கி வளைத்து, இடக்கையால் கண்ணியை மேலே தள்ளினேன். வில் எதிர்த்தது. இருமுறை கண்ணி குதையின் அருகே சென்று நழுவியது. மூன்றாம் முறை என் உடலின் பாரம் முழுவதையும் கொடுத்தேன். கண்ணி தண்டின்மேல் ஊர்ந்து ஏறிக் குதையில் அமர்ந்தது. அந்நொடியில் மூங்கில் கோல் வில்லாயிற்று.

நாண் ஏற்றுதல் என்று முன்னோர் ஏன் கூறினர் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. நாண் உண்மையிலேயே வில்லின்மேல் ஏறுகின்றது! எப்பொழுதும் நாண் பூட்டியே வைத்திருந்தால் வில் அவ்வளைவிலேயே நின்று தன் ஆற்றலை இழக்கும். ஆதலின் வேண்டும்பொழுது ஏற்றி, வேலை முடிந்ததும் இறக்கிவிடுவர். நாண் ஏற்றுவோர் வில்லின் எதிர்ப்பை முழுதும் வெல்ல வேண்டும். வீரரின் வலிமையை அளக்க நாண் ஏற்றுதலைத் தேர்வாக வைத்தமை எத்துணைப் பொருத்தம்! 34 ஆண்டுகள் நான் சொல்லிவந்த சொல்லின் பொருளை என் தொடையும் தோளும் கால் நாழிகையில் எனக்குக் கற்பித்தன.

வெற்றி தலைக்கேறியது. காப்பிய வீரர் நாணொலி எழுப்பியது நினைவிற்கு வரவே, நானும் நாணை மார்பளவு இழுத்தேன்.

"ஐயா, விடாதீர்கள்!" என்று தந்தையும் மகளும் ஒரே குரலில் கூவினர்.

திடுக்கிட்டு நின்றேன். அவர் என் கையைப் பற்றி, நாணை மெல்லத் தளர்த்தினார். "வளைந்த வில்லில் உள்ள விசையை அம்புதான் வாங்கிக்கொண்டு போகும். அம்பு இல்லாமல் விட்டால் அவ்விசை வில்லையே தாக்கும். வில் முறியும், உங்கள் முகத்திலும் படும். நாணொலி கேட்க வேண்டுமானால் விரலால் மெல்லத் தெறியுங்கள், போதும்" என்றார். தெறித்தேன். வண்டின் முரல்வு போன்ற ஓர் ஓசை எழுந்து அடங்கிற்று.

பின்னர் வீட்டின் பின்புறத்தில், மண்மேட்டின் முன் வைக்கோற்பொதி ஒன்றை இலக்காக வைத்தனர். எவரும் அப்பக்கம் இல்லை என்பதை அச்சிறுமி சென்று பார்த்து வந்தாள். பத்து மீட்டர் தொலைவில் நின்று முதல் அம்பைத் தொடுத்து எய்தேன். அம்பு இலக்கிற்கு முன்பே மண்ணில் வீழ்ந்தது. நாண் என் இடமுன்கையில் சுரீர் என்று அறைந்தது. சிறுமி தன் கையிலிருந்த தோற்காப்பைக் கழற்றி எனக்கு அணிவித்தாள். அதற்குக் கோதை என்று பெயர் உண்டென்பதை நான் அறிவேன். அதனை அணிய வேண்டும் என்பதைத் தழும்பு வந்த பின்னரே அறிந்தேன். நான்காம் அம்பு வைக்கோலில் தைத்தது. அச்சிறிய ஓசை எனக்கு அளித்த மகிழ்ச்சியைச் சொல்லுதல் அரிது.

நிழலில் அமர்ந்து இளைப்பாறும்பொழுது, "தம்பி, இவ்வளவையும் எங்கே கற்றாய்?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "எட்டாம் வகுப்பில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன், ஐயா. நாணை ஏன் ஏற்ற வேண்டும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் கேள்வி கேட்டதில்லை. அடுத்த ஆண்டே படிப்பையும் விட்டுவிட்டேன். மகள் வில்வித்தை கற்கத் தொடங்கியதும் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. விடை தெரிந்ததும் உங்களிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது" என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. அதனால் என் வருத்தம் மிகுந்ததே அன்றிக் குறையவில்லை. அந்த வகுப்பும், தலைகவிழ்ந்த சிறுவனும் என் கண்முன் தோன்றினர். "பிழை என்னுடையது, தம்பி. அன்று எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல நாணினேன்" என்றேன்.

சொல்லி முடித்ததும் அச்சொல்லே என்னை நிறுத்திற்று. நாண் என்னும் சொல்லுக்கு வில்லின் கயிறு என்றும் வெட்கம் என்றும் இரு பொருள் உண்டு. ஒரு நாணை ஏற்ற அறியேன். மற்றொரு நாணை இறக்கவும் அறியேன். இரண்டனுக்கும் இடையே ஒரு சிறுவனின் வினா முறிந்தது. தீமை செய்ய நாணுதல் அறம். அறியாமையை ஒப்புக்கொள்ள நாணுதல் பேதைமை.

அவர் ஒன்றும் கூறவில்லை. வில்லை எடுத்து நாணை இறக்கி, இரு பாதிகளையும் பிரித்துப் பையில் வைத்தார். அப்பொழுது அவர் மகள் என் அருகே வந்தாள்.

"ஐயா, ஓரியின் அம்பு உண்மையாகவே ஐந்து விலங்குகளையும் துளைத்திருக்குமா? எங்கள் வில்லில் எய்தால் வைக்கோலைக்கூடத் தாண்டுவதில்லையே!" என்று கேட்டாள்.

அவள் தந்தை அவளை அடக்க முற்பட்டார். நான் கையமர்த்தினேன். 34 ஆண்டுகள் அப்பாடலைக் கற்பித்தபோதிலும் அவ்வாறு நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"எனக்குத் தெரியாது, அம்மா. நல்ல வினா. நாளைக்கு வில்லையும் கொண்டு வா. நான் புறநானூற்றை எடுத்து வைக்கிறேன். இருவரும் சேர்ந்து ஆராய்வோம்" என்றேன்.

மறுநாள் அவள் வந்தாள். இன்றும் வருகின்றாள்.