விடைக்குப் பிறகு

புரியாத கவிதையைக் 'குறுக்கெழுத்துப் புதிர்' என்று சொல்லி ஒதுக்குகிற பழக்கம் நம்மிடையே வெகுநாளாக இருக்கிறது. அப்படிச் சொல்கிறவர்களில் அநேகர் ஒரு புதிரைக்கூடப் போட்டு முடித்தவர்கள் இல்லை என்பது என் சந்தேகம். நான் கவிதையும் படிக்கிறேன். நாற்பத்தைந்து வருஷங்களாக ஆங்கிலத் தினசரியில் வரும் 'க்ரிப்டிக்' வகைக் குறுக்கெழுத்தையும் போட்டுவருகிறேன். இந்த வசையில் கவிதைக்கு இழைக்கப்படும் அநியாயத்தைவிடப் புதிருக்கு இழைக்கப்படும் அநியாயமே பெரிது. அதைப்போலத் தெளிவான எழுத்து வேறு இல்லை.

ஒரு உதாரணம். 'ஸைலண்ட், டிஸ்டர்ப்ட்: பே அட்டென்ஷன்.' ஆறு எழுத்து. படித்ததும் ஒரு காட்சி எழுகிறது. பேசாமல் இருந்தவனை யாரோ கலைக்கிறார்கள், கவனி என்று அதட்டுகிறார்கள். காட்சி பொய். கடைசி இரண்டு வார்த்தைகள் விடையின் நேர்ப்பொருள். முதல் வார்த்தை வெறும் சரக்கு. நடுவில் இருப்பது அந்தச் சரக்கைக் கலைத்துப்போடு என்ற உத்தரவு. ஸைலண்டின் ஆறு ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'லிஸன்'. மௌனத்துக்குள்ளேயே கேட்பது இருந்திருக்கிறது! ஒவ்வொரு வார்த்தைக்கும் வேலை உண்டு. சும்மா நிற்கிற வார்த்தை இருந்தால் அது மட்டமான புதிர். விடை சரிதானா என்று மறுநாள் பேப்பருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிரூபணம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இந்த நேர்மை ஆரம்பத்தில் இல்லை. 1926 முதல் 1939இல் இறக்கும்வரை லண்டன் 'அப்ஸர்வர்' பத்திரிகையில் டார்க்கிமாடா என்ற பெயரில் புதிர் போட்டவர் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ். கவிதை மொழிபெயர்ப்பாளர், பில்ஹணனின் சௌரபஞ்சாசிகையைத் தன் இஷ்டத்துக்கு ஆங்கிலமாக்கியவர். அவருடைய புதிர்களில் வாசகன் இருட்டில் தடவ வேண்டும். அவருக்குப்பின் அதே இடத்துக்கு வந்த ஸிமனீஸ் (இயற்பெயர் டி. எஸ். மக்நட்) கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார். 1966இல் புத்தகமே எழுதி விதிகளை ஸ்திரப்படுத்தினார். மேற்பரப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம், ஆனால் விடைக்குப் போகும் வழி முழுக்க எழுத்திலேயே இருந்தாக வேண்டும். இருவர் பெயரும் ஸ்பெயின் தேசத்து மதவிசாரணைத் தலைவர்களுடையவை. கவிஞன் காடாக விட்டதை வாத்தியார் பாத்தி கட்டினார் என்று சொல்லலாம்.

நம் பத்திரிகைகள் ஒரு காலத்தில் நடத்திய பரிசுக் குறுக்கெழுத்து வேறு ஜாதி. மனிதனை உயர்த்துவது பணமா, குணமா? ஒரு கட்டத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். எது சரி என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். 1955இல் சட்டம் வந்து, மாதம் ஆயிரம் ரூபாய்க்குமேல் பரிசு கூடாது என்று கட்டியது. விமர்சகர்களில் இந்த ஜாதி ஜாஸ்தி. கவிஞனின் மனசில் ஒரு உறை இருப்பதாகவும் தாங்கள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டதாகவும் எழுதுவார்கள். அவர்களுக்குச் சட்டம் கிடையாது.

நான் அந்த ஜாதி இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வார்த்தைகளை மட்டும் வைத்து நிரூபிக்கிறவன்.

1981இல் ஒரு நண்பன் பதினொரு வரிக் கவிதை எழுதினான். கிணற்றில் அறுந்து விழுந்த வாளியைப் பற்றியது. முந்நூறு பிரதி அச்சிட்ட ஒரு பத்திரிகையில் அதற்கு நான் நாலு பக்கம் எழுதினேன். வாளி எது, கயிறு எது, மூன்றாம் வரியில் வரும் பாசி ஏன் ஏழாம் வரியில் மறுபடி வருகிறது, அவன் அப்பா செத்தது எந்த வார்த்தையில் ஒளிந்திருக்கிறது. ஒரு வார்த்தை மீதி வைக்கவில்லை. பாராட்டி இரண்டு கடிதங்கள்கூட வந்தன. நண்பன் திருவல்லிக்கேணியில் என் அறைக்கு வந்தான். காப்பி குடித்தான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. இனிமே எனக்கு அந்தக் கிணத்துப் பக்கம் போக முடியாது" என்றான். அப்புறம் அவன் கவிதை எதையும் நான் பார்க்கவில்லை. எழுதுவதை நிறுத்தினானா, எனக்குக் காட்டுவதை நிறுத்தினானா, தெரியாது.

அவிழ்ந்த புதிரை யாரும் இரண்டாம் தரம் போடுவதில்லை. விளக்கம் பூரணமாவதில்தான் அதன் மரியாதை; பூரணமானதும் பேப்பரைப் பழைய கட்டில் சேர்த்துவிடலாம். நான் அவனுடைய பதினொரு வரிக்குச் செய்தது இதுதான்.

இதை இவ்வளவு தீர்மானமாக நம்பிக்கொண்டிருந்தேன். 2013 ஜனவரியில் 'கார்டியன்' பத்திரிகையில் அராகேரியா ஒரு புதிர் போட்டார். நிஜப்பெயர் ஜான் கிரஹாம், பாதிரியார், அப்போது வயசு 91. புதிரின் தலைக்குறிப்பு, தமக்கு 18ஆம் எண்ணின் விடை வந்திருப்பதாகச் சொல்லிற்று. போட்டுப் பார்த்தவர்களுக்கு 18இல் 'கான்ஸர்' வந்தது. 19இல் உணவுக்குழாய். எப்படிச் சிகிச்சை என்பதற்கு இன்னும் இரண்டு எண்கள். வலி தணிப்பது, அவ்வளவுதான். அந்த நவம்பரில் இறந்துபோனார். விதியெல்லாம் சரியாக இருந்தது. எழுத்துகள் கணக்காக விழுந்தன. விளக்கம் சொன்னால் ஒரு பொட்டும் மிஞ்சாது. ஆனாலும் கடைசிக் கட்டத்தை நிரப்பிய பேனா அதற்கு மேல் எங்கே போகும்? பேப்பரைக் கட்டில் சேர்த்திருப்பார்களா?

செய்தியைப் படித்த அன்று நண்பனுக்கு ஒரு கார்டு எழுதினேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நானாக எழுதிய முதல் கார்டு. சௌக்கியமா என்று கேட்கத் தைரியமில்லை. ஒரு புதிர் மட்டும்: 'கல்லின் தலையில் விதை, சிலர் எழுதுவது (3).' கல்லின் தலையெழுத்து 'க', அதோடு விதை.

தமிழில் இந்த மாதிரி ஒட்டுப்போடுவது சுலபம். எழுத்தைக் கலைத்துப்போடுவதுதான் கஷ்டம். ஆங்கிலத்தில் உயிரெழுத்து தனியே கழன்று வரும். இங்கே மெய்யின் முதுகில் ஏறிக்கொண்டு இறங்காது. மாற்றி அடுக்கினால் பெரும்பாலும் உளறல்தான் மிஞ்சும். கவிதை என்ற சொல்லை அப்படிக் கலைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து நாளில் பதில் கார்டு வந்தது. என் புதிருக்கு விடை எழுதவில்லை, ஆனால் கண்டுபிடித்திருக்கிறான் என்று தெரிந்தது. நலம் விசாரிக்கவில்லை, கையெழுத்தும் இல்லை. ஒரே வரி: 'கவிதை கலைந்தால் உழவனுக்குக் கட்டளை (3).'

விதைக. அரை நிமிஷத்தில் போட்டுவிட்டேன். அது எனக்கா, தனக்குத்தானா என்று கேட்டு எழுத வாங்கிவந்த கார்டு விலாசம் மட்டும் எழுதியபடி இன்னும் மேஜையில் இருக்கிறது.