தொம்பையில் ஒரு யாளி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

தேரின் மரச்சிற்பங்களை வியந்து பேசுவோர் பலர். அத்தேரைச் சுற்றிக் காற்றில் அசையும் துணிகளை நின்று பார்ப்போர் மிகச் சிலரே. உருளையாகத் தொங்கும் தொம்பை, வரிசையாகக் கட்டும் தோரணம், மேலே விதானமாக விரியும் அசுமானகிரி ஆகியவை யாவும், துணியை வெட்டித் துணிமேல் வைத்துத் தைத்த ஓவியங்கள். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் இத்தொழில் வழிவழியாக நடந்து வருகிறது. என் தாத்தாவும் அத்தொழில் செய்பவரே. தஞ்சைப் பெரிய கோயிலின் தேர் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2015-ஆம் ஆண்டு மீண்டும் ஓடியபோது, ஊரே கைகூப்பி நிற்க, அவர் மட்டும் தொம்பையின் கரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற கோடை விடுமுறையில் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஒரு சிற்றூர்க் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குத் தரவேண்டிய நான்கு தொம்பைகள் பாதியில் நின்றன. “படிக்கிற பிள்ளை மிஷினில் உட்கார வேண்டாம்” என்பது அப்பாவின் நெடுநாள் கட்டளை. திருவிழா யாருக்காகக் காத்திருக்கும்? அப்பா வாய்மூடினார், நான் உட்கார்ந்தேன்.

முதற்பாடம் தையல் அன்று, காகிதம். யாளியை முழுதாக வரைந்துகொண்டு, உடல், பிடரி, தும்பிக்கை, கண் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை வெட்டவேண்டும். ஒரு துண்டின்மேல் இன்னொன்று ஏறும் இடத்தில் அரை அங்குலம் கூட்டி வெட்டவேண்டும்; இல்லையேல் நடுவே அடித்துணி பல்லைக் காட்டும். எதிரெதிரே நிற்கும் இரு யாளிகளுக்கு இரண்டு அட்டை வேண்டா. துணியை மடித்து வெட்டினால் இடமுகமும் வலமுகமும் ஒரே வெட்டில் கிடைத்துவிடும். அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள், இறைச்சி பொதியும் ஒருவகைத் தாளில் உருவத்தை வெட்டி, அதன் பளபளப்பான பக்கத்தைத் துணிமேல் வைத்து இஸ்திரி போடுவார்களாம். சூட்டில் தாள் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் உரித்துவிடலாம். இதனைத் தாத்தாவிடம் சொன்னேன். “நமக்கு மைதாப் பசை போதும்மா” என்று முடித்துவிட்டார்.

தொம்பை உருளை வடிவினது என்பதனால் கணக்கும் வேண்டும். குறுக்களவு மூன்றடி என்றால் சுற்றளவு ஒன்பதரை அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு உருவங்கள் வைத்தால் ஒன்றுக்கு 2 அடி 4 அங்குலம். எத்திசையில் நிற்பவனுக்கும் ஒரு யாளியேனும் முழுதாகத் தெரியவேண்டும் அன்றோ? பள்ளியில் படித்த வட்டக் கணக்கு எனக்குப் பயன்பட்டது அன்றுதான்.

வெட்டிய ஓரங்களை மறைத்து வெள்ளைக் கயிறு வைத்துத் தைப்பதே கடினம். வளைவில் கயிற்றை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கிக் கிண்ணம்போலக் குழியும். ஆதலால் கயிறு தன் போக்கில் படியவேண்டும். மூலை வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கியபடியே நிறுத்தி, மிதியைத் தூக்கித் துணியைத் திருப்பவேண்டும்.

கண் வைக்கும் இடத்தில்தான் தாத்தாவின் குரல் உயர்ந்தது. அருகில் பார்க்க அக்கண் தட்டுப்போலப் பெரிது, அழகே இல்லை. சிறிதாக்கவா என்று கேட்டேன். “நீ ஒரு முழத்துல உக்காந்து பாக்கிற. தேருக்குக் கீழே நிக்கிறவன் கழுத்தை நிமித்தி முப்பதடி தள்ளிப் பாப்பான். அவனுக்கு வெட்டு” என்றார். மாடியில் தொங்கவிட்டுத் தெருவிலிருந்து பார்த்தேன். யாளி என்னையே முறைத்தது.

இன்று கணினியில் வரைந்து அச்சிட்ட தொம்பைகள் கிடைக்கின்றன. விலை குறைவு, விரைவில் கைக்கு வரும். அவற்றைக் குறைகூற நான் வரவில்லை. மழையில் நனைந்து சிவப்புச் சாயம் வெள்ளைக்குள் ஓடும் துன்பம் எங்கள் வேலையிலும் உண்டு. ஆனால் அச்சிடுபவர் வைக்கும் கண் பெரும்பாலும் மேசைமேல் பார்த்து வைத்த கண்.

நான்கு தொம்பைகளும் நாளுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டுக்கு அச்சுத் துணியே போதும் என்று அவ்வூரார் சொல்லியனுப்பினர். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை; அட்டைகளைக் கட்டிப் பரணில் போடச் சொன்னார். நான் போடவில்லை. ஒவ்வோர் அட்டையின் பின்னும் எந்த உருவம், எந்தக் கோயிலுக்கு, எந்த ஆண்டு என்று அவரைக் கேட்டுக் கேட்டு எழுதி வருகிறேன். இதுவரை 42 முடிந்தன. ஒரு மயிலின் கழுத்து மட்டும் எந்தத் தேருக்குரியது என்று அவருக்கு நினைவு வரவில்லை. நாளை மறுபடி கேட்கவேண்டும்.